வில், நாண், நீள்வளையம்

வட்டப் பரிதியின் ஒரு கூற்றை வில் என்றும், அதன் இருமுனைகளையும் இணைக்கும் நேர்கோட்டை நாண் என்றும் கேத்திரகணித நூல்கள் கூறும். வேட்டுவன் தோளிலிருந்து வகுப்பறைக் கரும்பலகைக்கு வந்து சேர்ந்த சொற்கள் இவை. வடமொழியாளரும் இவற்றைச் சாபம், ஜியா என அவ்வாறே பெயரிட்டனர். கி.பி. 499 ஐ ஒட்டி எழுந்த ஆரியபட்டரின் நூல், வட்டத்தின் காற்பங்கை 24 விற்களாக வகுத்து அவற்றின் அரைநாண்களைப் பெறும் வகையை உரைக்கின்றது. ஜியா என்னுஞ் சொல் அரபு மொழியிற் புகுந்து ஜீபா ஆயிற்று. உயிர்க்குறியின்றி எழுதப்பட்ட அதனைப் பின்வந்தோர் ஜைப், அஃதாவது மடிப்பு, எனப் பிறழ வாசித்தனர். 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்தோர் மடிப்பைக் குறிக்கும் சைனசு என்னுஞ் சொல்லை அதற்கு இட்டனர். இன்று நம் மாணவர் சைன் என்று ஓதுவது, வழிதவறிச் சென்று வேற்றுடை பூண்டு மீண்ட வில்லின் நாணேயாம்.

கணித ஆசிரியர் எழுதவேண்டிய பொருளைத் தமிழாசிரியர் எடுத்துக்கொண்டது எற்றுக்கு என வினவுவார் இருக்கலாம். விஞ்ஞானப் பட்டம் பெற்றுப் பின்னர் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்த விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் நரம்புகளின் அளவுகளைக் கணித்தே பண்டை யாழ்களை மீட்டுருச் செய்ய முயன்றார். அப்பெரியாரோடு எம்மை ஒப்பிடுதல் எமது கருத்தன்று. தமிழுக்கும் கணிதத்துக்கும் இடையே வேலி இல்லை என்பதற்கே அவரைச் சான்று காட்டினோம். மேலும், மாணவர் எம்மிடங் கொணரும் கணித ஐயங்களுட் பல, ஆராயுமிடத்துச் சொல்லையங்களாகவே முடிகின்றன. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒன்றே.

கேத்திரகணித மென்பொருள்கள் இப்பொழுது வகுப்பறையிலும் மாணவர் கைத்தொலைபேசியிலும் இடம்பெற்றுவிட்டன. அவற்றுட் பரவலாக வழங்குவது ஜியோஜீப்ரா. ஒஸ்திரியா நாட்டுச் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் என்பார் 2001 இல் தொடங்கிய முயற்சி அது. கேத்திரகணிதம், அட்சரகணிதம் என்பவற்றின் ஆங்கிலப் பெயர்களைப் பிணைத்தே அதற்குப் பெயரிட்டனர். நற்கருவி என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் ஒரு வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். கவராயத்தின் ஊசி வழுக்கினாற் கோடு கோணும். பிழை கண்ணுக்குத் தெரியும். திரையிலோ பிழையான வில்லும் பிழையற்ற வில்லைப் போலவே அழகாய்த் தோன்றும். தாம் கேட்டது எது, கருவி தந்தது எது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமில்லாத மாணவர், திரை காட்டியதே விடையென்று குறித்துக்கொண்டு போய்விடுவர். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலோ நேர்விளிம்பும் கவராயமுங் கொண்டு அமைத்து, அமைப்புக் கோடுகளையுங் காட்டுதல் வேண்டும். அங்கே திரை துணைக்கு வாராது.

முதலில் வட்டவில்லை எடுத்துக்கொள்வோம். மையங் கொண்டு வில் வரையும் கருவிக்கு மூன்று புள்ளிகளைச் சுட்டுகின்றோம். முதலாவது மையம். இரண்டாவது வில்லின் தொடக்கம். ஆரையும் அதனாலேயே நிச்சயமாகின்றது. மூன்றாவது புள்ளியிற் சென்றுதான் வில் முடியும் என மாணவர் எதிர்பார்க்கின்றனர். அவ்வாறன்று. மூன்றாவது புள்ளி திசையை மாத்திரமே காட்டும். மையத்திலிருந்து அதனை நோக்கிச் செல்லுங் கதிரை வில் எங்கே சந்திக்கின்றதோ அங்கே நின்றுவிடும். புள்ளி அப்பாலும் இருக்கலாம், இப்பாலும் இருக்கலாம். இன்னொன்று: இக்கருவி வில்லை இடஞ்சுழியாகவே வரையும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் வலம்வந்து பழகிய நம் பிள்ளைகளுக்கு இஃது எதிர்த்திசை. இரண்டாம் மூன்றாம் புள்ளிகளை மாற்றிச் சுட்டினால், வேண்டிய சிறுவில்லுக்குப் பதிலாக வட்டத்தின் எஞ்சிய பெருவில் வந்து நிற்கும். கருவி பழுது என்று முறையிடுவார் பலர். கேட்டதையே அது தந்தது.

வட்டத்தில் ஒரு பெருநலம் உண்டு. மையக் கோணம் இரட்டித்தால் வில்லின் நீளமும் இரட்டிக்கும். ஆரைச்சிறையின் பரப்பும் இரட்டிக்கும். 60 பாகைக்குரிய வில் பரிதியில் ஆறிலொன்று. அதற்குரிய ஆரைச்சிறையும் வட்டப் பரப்பில் ஆறிலொன்று. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில், பரிதியிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்க வட்டத்தின் பரப்பு வரும் என்னும் விதி காணப்படுகின்றது. அதே விதியை ஒரு வில்லுக்கு இறக்கிக்கொள்ளலாம்: வில்லிற் பாதியை ஆரையாற் பெருக்க ஆரைச்சிறையின் பரப்பு வரும். கோணம், நீளம், பரப்பு மூன்றும் கைகோத்துச் செல்வதால், வட்டவில்லைப் பற்றிப் பேசும்போது எந்த அளவைக் கருதினோம் எனச் சொல்லாவிடினும் இடரில்லை. இப்பழக்கமே நீள்வளையத்துக்கு வந்ததும் நம்மைக் கவிழ்த்துவிடுகின்றது.

அதற்குச் செல்லுமுன், நீள்வளையம் போலத் தோன்றி நீள்வளையமாகாத ஓர் உருவத்தைக் காண்போம். பொரளைப் பக்கத்திலே, 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானத்தை நம் பழைய மாணவர் அறியாதிரார். பாக்கியசோதி சரவணமுத்து அவர்களின் பெயர்தாங்கும் அவ்வரங்கிலேதான், 1982 பெப்ரவரி 17 ஆம் நாள் இங்கிலாந்துக்கெதிராக இலங்கையின் முதலாவது டெஸ்ற் போட்டி தொடங்கியது. அம்மைதானத்தை ஓவல் என்றே பலகாலம் அழைத்தனர். ஓவல் என்றால் முட்டைவடிவம். ஒருநாட் போட்டி நடைபெறுகையில் ஆடுகளத்தைச் சூழ ஒரு கோடு இடுவர். முப்பது யார் வட்டம் என்று அதற்குப் பெயர். உண்மையில் அது வட்டமுமன்று, நீள்வளையமுமன்று. ஆடுகளத்தின் இருபுறத்து நடுக்கம்புகளையும் மையங்களாகக் கொண்டு, 30 யார் (27.43 மீற்றர்) ஆரையுடன் இரண்டு அரைவட்ட விற்களை வரைந்து, அவற்றை இரண்டு நேர்கோடுகளால் இணைக்கின்றனர். கம்புகளுக்கிடையே 22 யார் (20.12 மீற்றர்) தூரமாதலின் அவ்வுருவத்தின் நீளம் 82 யார், அகலம் 60 யார்.

இதே நீளமும் அகலமும் கொண்ட மெய்யான நீள்வளையம் ஒன்றை அதன்மேல் வரைந்து பார்க்க. அது கோட்டுக்குள்ளே அடங்கிக் கிடக்கும். பரப்பில் ஏறத்தாழ 283 சதுர யார் குறையும். கம்புகள் இரண்டுமே அந்நீள்வளையத்தின் குவியங்கள் என்று மாணவர் ஊகிப்பதுண்டு. கம்புகள் நடுவிலிருந்து 11 யார் தூரத்தில் உள்ளன. குவியங்களோ ஏறத்தாழ 28 யார் தூரத்தில், கோட்டின் முனைகளுக்கு அண்மையில் வந்து விழும். கயிறும் இரண்டு முளையுங் கொண்டு நீள்வளையம் வரையும் முறையை அறிந்தோர் இதனைத் தாமே சரிபார்க்கலாம். கயிற்றின் மொத்த நீளம் 82 யாராக இருத்தல் வேண்டும். நீள்வளையத்தின் எப்புள்ளியிலும் இரு முளைகளுக்குமுரிய தூரங்களின் கூட்டுத்தொகை அதுவே.

வெள்ளவத்தையில் எழும் கட்டடங்களிற் சாளரத்தின் மேல்வளைவை அமைக்கும் மேசன்மாரும் பெரும்பாலும் இரண்டு மூன்று வட்டவிற்களைக் கூட்டியே நீள்வளையத் தோற்றத்தை உண்டாக்குவர். அறியாமையாற் செய்வதன்று அது. வட்டவில்லுக்கு ஒரு சாண் வெளியே சமாந்தரமாக வரைந்த கோடும் வட்டவில்லே. நீள்வளையத்துக்குச் சமாந்தரமாக வரைந்த கோடோ நீள்வளையமாகாது. எனவே உள்வளைவும் வெளிவளைவும் ஒத்துவர வேண்டிய வேலையில் வட்டவிற்களே கைகொடுக்கும்.

நம் விழா மலர்களுக்குச் சித்திரம் வரையும் மாணவரோ வேறொன்று செய்கின்றனர். நிறைகுடத்தின் வாயை இரண்டு வட்டவிற்களால் வரைந்து, இருபுறமும் கூர்முனை வைத்துவிடுகின்றனர். குடத்துக்கு வாழையிலை வாய் வந்து சேர்கின்றது. சாய்வாக நோக்கப்படும் வட்டம் நீள்வளையமாகத் தோன்றும். நீள்வளையத்துக்குக் கூர்முனை கிடையாது. கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு அதன் அடிவட்டம் காட்டும் வளைவும் இத்தகையதே.

இனி நீள்வளையத்தின் வில். ஜியோஜீப்ராவில் இதற்குத் தனிப் பொத்தான் இல்லை. நீள்வளையத்தை வரைந்தபின், ஆர்க் என்னும் கட்டளையை எழுதி, அதனுள் நீள்வளையத்தின் பெயரையும், தொடக்கத்தையும் முடிவையும் தருதல் வேண்டும். தொடக்கமும் முடிவும் நீள்வளையத்தின் மேலுள்ள இரு புள்ளிகளாகவோ இரண்டு எண்களாகவோ இருக்கலாம். புள்ளிகளாக இருப்பின், இடஞ்சுழித் திசையை மறவாதவரையில், தொல்லையில்லை. எண்களைத் தரும்போதுதான் சிக்கல் முளைக்கின்றது. அவ்வெண் பரமானம் எனப்படும். மாணவர் அதனை மையக் கோணம் என்று கருதிவிடுகின்றனர்.

பேரச்சின் பாதி 5, சிற்றச்சின் பாதி 3 எனக் கொண்ட நீள்வளையத்தில் இதனைக் காண்போம். அதன் குவியங்கள் மையத்திலிருந்து 4 அலகு தூரத்தில் உள்ளன. முதலில் 5 அலகு ஆரையுள்ள வட்டம் ஒன்றை வரைந்து, அதன் ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் ஐந்தில் மூன்றாகக் குறைத்தால் இந்நீள்வளையம் கிடைக்கும். வட்டத்தில் 45 பாகையிலுள்ள புள்ளி வலப்புறம் 3.54, மேலே 3.54 என்னும் இடத்தில் நிற்கின்றது. அமுக்கியபின் அது வலப்புறம் 3.54, மேலே 2.12 என்னும் இடத்துக்கு இறங்குகின்றது. கருவி இப்புள்ளியை 45 பாகைப் பரமானம் உள்ளது என்றே சொல்லும். நாமோ பாகைமானியை மையத்தில் வைத்து அளந்தால் 31 பாகையே காண்போம். வலப்புறக் குவியத்தில் வைத்து அளந்தால் 102 பாகைக்கு மேல் வரும். புள்ளி ஒன்று, கோணம் மூன்று. மூன்றும் மெய். 45 என்பது நீள்வளையத்தின் கோணமே அன்று. எந்த வட்டத்தை அமுக்கி அதனைப் பெற்றோமோ அவ்வட்டத்தின் கோணம்.

தமிழகத்தார் இவ்வுருவத்தை நீள்வட்டம் என்பர். நம் பாடநூல்கள் நீள்வளையம் என்னும். ஆரையை அவர்கள் ஆரம் என்பர். கேத்திரகணிதத்தை வடிவியல் என்பர். இந்நாளில் நம் மாணவர் மாலையிலே தமிழகத்து ஆசிரியரின் பாடத்தைத் தொலைபேசியிற் கேட்டுவிட்டுக் காலையிலே நம் பாடநூலைத் திறக்கின்றனர். இருவகைச் சொல்லும் ஒருபொருள் குறிப்பன என்பதை அவர்க்கு யாரேனும் சொல்லுதல் வேண்டும். அது தமிழாசிரியரின் கடமையாதலும் கூடும். பரீட்சைத் தாளில் நம் நாட்டு வழக்கையே எழுதுக. ஆயினும் நடுநின்று நோக்கின், நீள்வட்டம் என்பது ஒரு வகையிற் சிறந்த சொல்லே. வட்டத்தை ஒருபுறம் நீட்டியோ மறுபுறம் அமுக்கியோ பெற்ற உருவம் என்பதை அது சொல்லாமற் சொல்கின்றது. அதனை உணர்ந்தவர்க்குப் பரமானம் புதிரன்று.

பாகைக் குறியைப் பற்றியும் ஒரு சொல். 45 என்று வெறும் எண்ணாக இட்டால் கருவி அதனை ஆரையன் என்றே கொள்ளும். 45 ஆரையன், ஏழு முழுச்சுற்றுக் கழிந்தபின், ஏறத்தாழ 58 பாகையில் வந்து நிற்கும். 45 க்கும் 58 க்கும் வேறுபாடு திரையிற் பளிச்செனத் தெரியாதாகையால் இப்பிழை நெடுநேரம் மறைந்தே இருக்கும்.

பரமானத்தை 0 இலிருந்து 45 வரை எடுத்தால், முதற்காற்பகுதியின் வில் இருபாதியாகப் பிரிந்துவிட்டது என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. மேற்கூறிய நீள்வளையத்தில் முதற்பகுதியின் நீளம் 2.70 அலகு, 45 இலிருந்து 90 வரையுள்ள பகுதியின் நீளம் 3.69 அலகு. ஆனால் மையத்திலிருந்து பார்க்கும் பரப்புகள் மாத்திரம் சரிபாதியாகவே பிரிந்துள்ளன. ஏனெனின், வட்டத்தை அமுக்கும்போது பரப்புகள் யாவும் ஒரே விகிதத்திற் குறைகின்றன; நீளங்களோ திசைக்குத் திசை வேறுவேறாகக் குறைகின்றன. நீள்வளையத்தின் முழுப் பரப்புக்கு எளிய சூத்திரம் இருக்கவும், அதன் சுற்றளவுக்கு அத்தகைய சூத்திரம் இல்லாதொழிந்ததும் இக்காரணத்தாலேயே. கும்பகோணத்திற் கல்வி பயின்ற சீனிவாச இராமானுசன் 1914 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் நீள்வளையச் சுற்றளவுக்குக் கிட்டிய சூத்திரங்களைத் தந்தார். அவற்றுள் எளியது இது: இரண்டு அரையச்சுகளின் கூட்டுத்தொகையை மும்மடங்காக்குக. பின்னர், பெரியதன் மும்மடங்கோடு சிறியதையும், சிறியதன் மும்மடங்கோடு பெரியதையும் தனித்தனி கூட்டி, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, முன்னதிலிருந்து கழித்து, எஞ்சியதைப் பையாற் பெருக்குக. 5, 3 என்னும் நம் எடுத்துக்காட்டில் 24 இலிருந்து 252 இன் வர்க்கமூலத்தைக் கழிக்க 8.1255 வரும், சுற்றளவு 25.527. கணினி நுணுகிக் கணித்துத் தரும் விடையும் மூன்று தசமதானம் வரை அதுவே. கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கண்ட விதி என்பதை மாணவர் எண்ணிப்பார்க்க.

இவையெல்லாம் ஏட்டுச்சுரைக்காயோ என்பார்க்கு, வீட்டுச் சுவரிற் றொங்கும் நாட்காட்டியைக் காட்டுவோம். தமிழ் மாதங்கள் ஏன் ஒரே நீளம் உடையனவாக இல்லை? ஆனி மாதம் 31 அல்லது 32 நாள். மார்கழி 29 அல்லது 30 நாள். ஞாயிறு ஓர் இராசியின் 30 பாகையைக் கடக்கும் காலமே சூரிய மாதமாதலின், ஒவ்வொரு மாதத்திலும் கடக்குங் கோணம் ஒன்றே. காலம் மட்டும் வேறுபடுகின்றது. பூமி ஞாயிற்றைச் சுற்றும் பாதை நீள்வளையம் என்றும், ஞாயிறு அதன் மையத்திலன்றிக் குவியத்திலுள்ளது என்றும், சமகாலத்திற் சமபரப்பையே பூமி வாரிச்செல்லும் என்றும் கெப்ளர் 1609 இல் வெளியிட்ட நூலாற் பெறப்பட்டது. சனவரித் தொடக்கத்தில், அஃதாவது மார்கழியில், பூமி ஞாயிற்றுக்கு 14 கோடியே 71 இலட்சம் கிலோமீற்றர் அளவில் அணுகி விரைகின்றது. யூலைத் தொடக்கத்தில், ஆனியில், 15 கோடியே 21 இலட்சம் கிலோமீற்றர் அளவில் விலகித் தயங்குகின்றது. ஆகவே ஆனி ஏறத்தாழ 31½ நாள் எடுக்க, மார்கழி 29½ நாளுக்குள் முடிந்துவிடுகின்றது. நம் முன்னோர் நீள்வளையத்தை அறிந்திலர். மந்தபரிதி என்னும் சிறுவட்டத்தின் துணைகொண்டு வட்டங்களாலேயே இவ்வேறுபாட்டைக் கணித்துப் பஞ்சாங்கம் எழுதினர். மேசனின் மும்மைய வளைவைப் போன்றதே அச்சாமர்த்தியமும்.

பாடநூற் படங்கள் இப்பாதையை வெள்ளரிக்காய் போல் நீட்டி வரைவதும் தீங்கு விளைக்கின்றது. மையவகற்சித்திறன் 0.0167 மாத்திரமே. பேரச்சை 20 சதமமீற்றராக வரைந்தாற் சிற்றச்சு அதனினும் ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் மூன்று பங்களவே குறையும். பென்சிற் கோட்டின் தடிப்பே அதனை விழுங்கிவிடும். ஞாயிறோ மையத்திலிருந்து 1.67 மில்லிமீற்றர் விலகி நிற்கும். அது கண்ணுக்குத் தெரியும். மாத வேறுபாட்டுக்குக் காரணம் பாதையின் நீட்சியைவிட இவ்விலகலே என்பது இதனால் விளங்கும்.

மாணவர் செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகின்றோம். முதலில் தாளில் இரண்டு ஊசியும் நூலுங் கொண்டு 5, 3 என்னும் நீள்வளையத்தை வரைந்து, மேற்கூறிய மூன்று கோணங்களையும் பாகைமானியால் அளக்க. பின்னர்த் திரையிற் பேரச்சின் பாதி 10, குவியத் தூரம் 0.167 எனக் கொண்டு நீள்வளையம் ஒன்றை அமைத்து, ஒரு குவியத்தில் ஞாயிற்றை வைத்து, அதிலிருந்து 30 பாகைக்கு ஒன்றாகப் பன்னிரு கதிர்கள் வரைக. ஞாயிற்றுக்கு அண்மையான முனை, மார்கழிக்குரிய பகுதியின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 19 பாகையில் விழுமாறு கதிர்களைத் திருப்புக. இடஞ்சுழியாக அடுத்த பகுதி தை, அதற்கடுத்தது மாசி. பன்னிரண்டு பகுதிகளின் பரப்புகளையும் கண்டு, அவ்விகிதத்தில் 365¼ நாளைப் பங்கிடுக. மிகப் பெரிய பகுதி மிகச் சிறியதினும் நூற்றுக்கு ஏழளவு மிகுந்திருக்கும். பெற்ற நாட்தொகைகளை இவ்வாண்டு நாட்காட்டியின் மாதங்களோடு ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிடுக.